ஒளித்துணிக்கையும் விண்வழித் தூதும்

அக்காலத்தில் அரசர் தூதுவரிடம் ஓலை கொடுத்தனுப்புங்கால் அதன் முடிச்சில் அரக்கிட்டு முத்திரை பொறிப்பது வழக்கம். அம்முத்திரை ஓலையைப் பிறர் படிப்பதைத் தடுக்கும் வன்மையுடையதன்று; இடைவழியில் எவனேனும் பிரித்துப் படித்தானாயின் அச்செயலைப் பெறுபவருக்கு அறிவிக்கும், அவ்வளவே. ஆயினும் கைதேர்ந்த ஒற்றன், சூடேற்றிய மெல்லிய தகட்டினால் அரக்கைப் பெயர்த்து, ஓலையைப் படியெடுத்துக்கொண்டு, மீண்டும் ஒட்டிவிடவுங் கூடும். பெயர்த்தபின் மீண்டும் ஒட்டவே இயலாத முத்திரை ஒன்று உண்டா? மனிதர் செய்யும் அரக்கில் இல்லை. ஒளியின் இயல்பில் உண்டு என்பது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் புலனாயிற்று. அம்முத்திரையை விண்வெளி வழியாகக் கண்டம்விட்டுக் கண்டம் அனுப்பும் முயற்சியே இக்கட்டுரையின் பொருளாகும்.

மறைமொழிக் கலையில் மறைக்கப்படுவது செய்தியெனினும் காக்கப்பட வேண்டுவது திறவுகோலே. 1917ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியியலாளர் கில்பேட் வேர்னாம் தந்திச் செய்திகளுக்கென ஒரு முறையை வகுத்தார். செய்தியை இரு குறிகளாலாய தொடராக எழுதிக்கொண்டு, வேறொரு குறித்தொடரை அதனோடு குறிக்குக் குறி கூட்டுவதே அம்முறை. இன்று அவ்விரு குறிகளையும் 0, 1 என எழுதி இருமக் குறிகள் என்கிறோம். இரண்டாவது தொடரே திறவுகோல். அத்திறவுகோல் எவ்வித ஒழுங்குமற்றதாய், செய்தியளவு நீண்டதாய், ஒருமுறைக்கு மேற் கையாளப்படாததாய் இருப்பின், அதனால் மறைக்கப்பட்ட செய்தியை எத்துணை வல்ல கணிதத்தாலும் உடைக்க இயலாதென்பதைக் குளோட் ஷனன் 1949இல் வெளியான தமது கட்டுரையில் நிறுவினார். 'ஒருமுறைக்கு மேற் கையாளலாகாது' என்ற நிபந்தனை வெறும் எச்சரிக்கையன்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சோவியத் நாட்டார் அச்சிட்ட திறவுகோல் ஏடுகளிற் சில பக்கங்கள் இரட்டைப் படிகளாக வெளிப்போந்துவிட்டன. அவ்வொரு தவற்றைப் பற்றிக்கொண்டு 'வெனோனா' என்னும் திட்டத்தின்கீழ்ப் பல்லாண்டு உழைத்த அமெரிக்கர், உடைக்கவே முடியாதெனக் கருதப்பட்ட செய்திகள் பலவற்றைப் படித்தறிந்தனர்.

எனவே, நெடுந்தொலைவில் உள்ள இருவர் ஒரே திறவுகோலைப் பிறர் அறியாவண்ணம் பெறுவது எங்ஙனம் என்பதே முதன்மையான வினா. தூதுவன் கையிற் கொடுத்தனுப்பினால் அத்தூதுவனை நம்பவேண்டும். தந்தியில் அனுப்பினால் தந்திக் கம்பியை நம்பவேண்டும். இன்று வங்கிகளும் அரசாங்கங்களும் இணையத்தில் வணிகஞ் செய்வோரும் கைக்கொள்ளும் முறை கணிதத்தை நம்புவது. இரு பெரிய முதன்மை எண்களைப் பெருக்குதல் எளிது. பெருக்கத் தொகையிலிருந்து அவ்விரண்டையும் மீட்டெடுத்தல் மிக அரிது. அவ்வருமையே பூட்டாக நிற்கிறது. ஆனால் 1994இல் பீற்றர் ஷோர், குவாண்டம் விதிகளைக் கொண்டு இயங்கும் கணிப்பொறி ஒன்று அமையுமாயின் அப்பூட்டு விரைவிலே திறக்கப்படும் எனக் காட்டினார். அத்தகைய வல்ல பொறி இன்னும் அமையவில்லை. ஆயினும் இன்று அனுப்பப்படும் மறைமொழியைப் பகைவன் அப்படியே பதிவுசெய்து வைத்துக்கொண்டு, அப்பொறி கைவந்த நாளிற் படிக்கலாமன்றோ? முப்பதாண்டு மறைத்து வைக்கவேண்டிய செய்தியை உடையவர்க்கு இது நாளைய கவலையன்று, இன்றைய கவலையேயாம்.

இனி ஒளிக்கு வருவோம். ஒளியின் சக்தி இடையறாத ஒழுக்காக வராமல் சொட்டுச் சொட்டாகவே வருகிறது என்பது 1900இல் மாக்ஸ் பிளாங்கினால் தொடங்கிவைக்கப்பட்டு, 1905இல் ஐன்ஸ்ரைனால் வலியுறுத்தப்பெற்ற கொள்கை. அச்சக்திச் சொட்டே குவாண்டம் எனப்படும். ஒளியின் ஒரு சொட்டு, ஒரு துணிக்கை, போட்டன் என்ற பெயர் பெறும். ஒவ்வொரு போட்டனுக்கும் அதிர்வுத் திசை ஒன்று உண்டு. இதனை முனைவாக்கம் என்பர். நிலைக்குத்தாக முனைவாக்கிய போட்டன் நிலைக்குத்து வடியைத் தவறாது கடக்கும். கிடையாக முனைவாக்கியது கடவாது. நாற்பத்தைந்து பாகை சாய்ந்த போட்டன் அவ்வடியை அடைந்தால் நிகழ்வது யாது? அரைப் போட்டன் கடப்பதில்லை. அது முழுமையாய்க் கடக்கும், அல்லது முழுமையாய்த் தடைப்படும். இரண்டுக்கும் நிகழ்தகவு சமமே. கடந்ததாயின், கடந்தபின் அது நிலைக்குத்தாகவே விளங்கும். தான் முன்னர்ச் சாய்ந்திருந்த செய்தியை முற்றும் மறந்துவிடும். அளத்தலே பொருளை மாற்றிவிடுகின்ற இவ்வியல்பு மாணவர்க்கு முதலில் மருட்சியைத் தருவது; இம்முத்திரையின் அரக்கும் அதுவே.

இவ்வியல்பைப் பயன்கொள்ளக் கருதிய முதல்வர் ஸ்ரீபன் வைஸ்னர் என்னும் அமெரிக்க இளைஞர். படியெடுக்கவே இயலாத நாணயத்தாள் ஒன்றை அவர் 1970ஆம் ஆண்டளவிற் கற்பனை செய்தார். அக்கட்டுரை அச்சேறியதோ 1983இல். அவர் கருத்தை நன்கறிந்த சாள்ஸ் பெனெற் என்பவர், 1979இல் புவேட்டோ றிக்கோவின் கடலில் நீந்திக்கொண்டிருந்த ஜில் பிறசாட் என்னும் கனடியரை அணுகி, முன்பின் அறியாத அவரிடம் இதனைப் பற்றிப் பேசத் தொடங்கினாராம். அந்நீச்சலில் விளைந்த நட்பு 1984ஆம் ஆண்டு டிசெம்பரில் ஒரு கட்டுரையாகக் கனிந்தது. உலகில் இத்துறையின் முதனூலாக மதிக்கப்படும் அக்கட்டுரை படைக்கப்பட்ட மாநாடு இலண்டனிலோ நியூயோர்க்கிலோ நடைபெறவில்லை. பெங்களூர் நகரில் நடைபெற்றது. அன்று அதனைக் கேட்டவர் அதன் பெருமையை உணர்ந்திருப்பரோ என்பது ஐயமே.

அவர்கள் கூறிய முறை எளிது. அனுப்புநர் போட்டன்களை ஒவ்வொன்றாக அனுப்புவார். ஒவ்வொன்றுக்கும் இரு சட்டகங்களுள் ஒன்றை எழுமாற்றாகத் தெரிவார்: நிலைக்குத்தும் கிடையுமான நேர்ச்சட்டகம், அல்லது இருபுறச் சாய்வுகளாலாய சாய்சட்டகம். இரண்டிலும் ஒரு திசை 0, மற்றைத் திசை 1. பெறுநரும் எச்சட்டகத்தில் அளப்பதென்பதை எழுமாற்றாகவே தெரிவார். பின்னர் இருவரும் யாவரும் கேட்கும்படி வெளிப்படையாகத் தாம் கொண்ட சட்டகங்களை மட்டுங் கூறி ஒப்பிடுவர், குறிகளைக் கூறார். சட்டகம் ஒத்தவற்றை வைத்துக்கொண்டு ஒவ்வாதவற்றை நீக்கிவிட, எஞ்சிய குறித்தொடரே திறவுகோலாகும்.

இடையில் ஒற்றன் ஒருவன் புகுந்தானென்க. அவனுக்குச் சட்டகம் தெரியாது. பாதித் தடவை தவறாக அளப்பான். தவறாக அளந்த போட்டன் தன் பழைய திசையை இழந்துவிடும். அதனைப் பெறுநர் அளக்கையில் மீண்டும் பாதி தவறும். ஆக, ஒத்த குறிகளில் நான்கிலொன்று பிழைபடும். இருவரும் இருபது குறிகளை வெளிப்படையாக ஒப்பிட்டுப் பார்த்தால் ஒற்றன் அகப்படாது தப்புவதற்குரிய வாய்ப்பு ஏறக்குறைய முந்நூற்றில் ஒன்று. நூறு குறிகளை ஒப்பிட்டால் இலட்சம் கோடியில் ஒன்றினுங் குறைவு. அளவாமல் படியெடுத்து வைத்துக்கொள்ளலாமே எனின், அதுவும் ஆகாது. முன்னறியாத நிலையிலுள்ள ஒரு போட்டனுக்கு இரண்டாவது படியொன்றை ஆக்க எக்கருவியாலும் இயலாதென்பதை 1982இல் வூட்டர்ஸ், சூரெக் ஆகிய இருவரும், தனித்து டீக்ஸ் என்பவரும் நிறுவினர். ஒற்றன் புகுந்த திறவுகோல் வீசப்படும். அதனால் இழப்பு ஒன்றுமில்லை. செய்தி இன்னும் அனுப்பப்படவில்லையன்றோ! திறவுகோலை முதலிற் சோதித்து, பின்னரே செய்தியை அனுப்புதல் என்னும் இந்த ஒழுங்கிலேதான் முறையின் நுட்பம் அடங்கியுள்ளது.

1989இல் பெனெற் முதலானோர் அமைத்த முதற் கருவி போட்டன்களை ஒரு மேசையின் மீது முப்பத்திரண்டு சதமமீற்றர் தூரம் அனுப்பியது. ஒரு முழத்தினுங் குறைந்த தூரமே. அதிலும் ஒரு வேடிக்கை: முனைவாக்கத்தை மாற்றும் உறுப்புகளின் மின்வழங்கி, அமைக்கும் திசைக்கேற்ப வெவ்வேறு ஒலியெழுப்பியதாம். ஆகவே தமது கருவி, செவிடனாகிய ஒற்றனுக்கு எதிராக முழுப் பாதுகாப்புடையது எனப் பிறசாட் பின்னாளில் நகையாடினார். விதியின் தூய்மை வேறு, கருவியின் தூய்மை வேறு என்பதை அந்நகைச்சுவை நன்கு காட்டுகிறது. அதனைப் பின்னரும் காண்போம்.

முழத்திலிருந்து நகரங்களுக்கிடையே செல்வதற்கு ஒளிநார் என்னும் கண்ணாடி இழை கிடைத்தது. ஆயினும் கண்ணாடி எத்துணைத் தூயதாயினும் ஒளியைச் சிறிது உறிஞ்சும். சிறந்த நாரில் நூறு கிலோமீற்றர் சென்றபின் நூற்றிலொரு போட்டனே எஞ்சும். இருநூறு கிலோமீற்றரில் பதினாயிரத்தில் ஒன்று. ஆயிரம் கிலோமீற்றரில் எஞ்சுவது எவ்வளவு? ஒன்றின்பின் இருபது பூச்சியங்கள் இட்ட தொகையில் ஒன்று. செக்கனுக்கு ஆயிரங் கோடி போட்டன்களை உமிழும் கருவியைக் கொண்டு அனுப்பினாலும், மறுமுனையில் ஒரு போட்டனைக் காண ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும்! சாதாரணத் தொலைபேசி வடங்களில் இடையிடையே பெருக்கிகளை வைத்து ஒளியை வலுப்படுத்துவர். இங்கே அது கூடாது. பெருக்குதல் என்பது படியெடுத்தலே. ஒற்றனைத் தடுக்கும் அதே விதி நம்மையும் தடுக்கிறது. பெய்ஜிங்கிலிருந்து சங்ஹாய்வரை 2017இல் திறக்கப்பட்ட இரண்டாயிரம் கிலோமீற்றர் நார்வழியில் முப்பத்திரண்டு இடைநிலையங்கள் அமைக்கப்பட்டன. ஒவ்வொரு நிலையத்திலும் திறவுகோல் வெளிப்பட்டு மீண்டும் மறைக்கப்படும். ஒவ்வொன்றுக்கும் காவல் வேண்டும்.

நார் வழங்காத தூரத்தை வானம் வழங்கும். வளிமண்டலத்தின் செறிவான பகுதி பத்துக் கிலோமீற்றர் அளவே; அதற்கப்பால் வெறுவெளி. வெறுவெளி ஒளியை உறிஞ்சாது, முனைவாக்கத்தையும் குலைக்காது. அங்கே இழப்புக்குக் காரணம் கதிர் விரிவதுதான். சிறு துவாரத்தினூடு புறப்படும் அலை விரிந்து செல்லும் இவ்வியல்பைக் கோணல் எனப் பௌதிகவியலார் கூறுவர். நாரிலே தூரம் கூடக்கூட இழப்பு மடங்குமேல் மடங்காகப் பெருகும். வெளியிலோ தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மட்டுமே பெருகும். இவ்வொரு வேறுபாடே செய்மதியைத் தேடும்படி ஆராய்ச்சியாளரைத் தூண்டிற்று.

வியன்னாவைச் சேர்ந்த அன்ரன் சைலிங்கர் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இத்தகைய செய்மதியொன்றை ஏவ ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தை இணக்க முயன்றார், கைகூடவில்லை. அவரும் உடனுழைப்போரும் 2007இல் கனாரித் தீவுகளில், லா பால்மாவிலிருந்து தெனெரீபேக்குக் கடல்மேல் 144 கிலோமீற்றர் தூரம் போட்டன்களை அனுப்பிக் காட்டினர். அவரிடம் ஆய்வு பயின்று கலாநிதிப் பட்டம் பெற்ற சீனராகிய பான் ஜியன்வெய் தம் நாடு திரும்பி, ஆசிரியர்க்கு வாய்க்காத செய்மதியைத் தாம் அமைத்தார். ஆசிரியரை மாணாக்கர் விஞ்சிய நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று. பின்னர் அவ்வாசிரியரும் அதே செய்மதிப் பரிசோதனையிற் பங்காளராயினார் என்பது அதனினும் இனியது.

அச்செய்மதி 2016 ஆகஸ்ட் 16ஆம் நாள் கோபிப் பாலைவனத்தின் ஜியுசுவான் ஏவுதளத்திலிருந்து புறப்பட்டு, ஏறக்குறைய 500 கிலோமீற்றர் உயரத்தில் பூமியைச் சுற்றலாயிற்று. அதற்கு இடப்பட்ட பெயர் மோசி. கிறித்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டினராகிய அச்சீன ஞானியின் மரபினர், ஊசித்துளை வழியே வரும் ஒளி தலைகீழ் உருவை அமைப்பதைக் குறித்து எழுதிவைத்தவர்கள். மேனாட்டார் அப்பெயரை மிசியஸ் என வழங்குவர்.

செய்மதியிலிருந்து ஒரு போட்டனைப் பூமியிலுள்ள தொலைகாட்டியில் வீழ்த்துவது எத்தகைய வேலை என்பதைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். செய்மதி செக்கனுக்கு ஏழரைக் கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. அதன் தொலைகாட்டியிலிருந்து வரும் கதிர், ஒரு கிலோமீற்றர் சென்றால் ஒரு சதமமீற்றர் அகலும் அளவுக்கே விரியுமாறு செய்யப்பட்டது. அங்ஙனமாயினும் 1200 கிலோமீற்றர் சென்று நிலத்தை அடையும்போது அது பன்னிரண்டு மீற்றர் அகன்ற ஒளிவட்டமாகிவிடும். ஒரு மீற்றர் விட்டமுடைய தொலைகாட்டி அதில் 144இல் ஒரு பங்கையே பெறும். அப்பங்கையேனும் பெறுவதற்குக் குறி பிசகாமை வேண்டும். அனுமதிக்கப்படும் பிசகு ஒரு கிலோமீற்றருக்கு ஒரு மில்லிமீற்றர் அளவே. இதற்காக நிலத்திலிருந்து ஒரு சிவப்பு லேசர்க் கதிர் மேலே செல்ல, செய்மதியிலிருந்து ஒரு பச்சைக் கதிர் கீழே வர, ஒன்றையொன்று கண்டு இரு தொலைகாட்டிகளும் இடைவிடாது திரும்பிக்கொண்டேயிருக்கும். இதனோடு இன்னொரு தொல்லை. செய்மதி திரும்பத் திரும்ப அதன் 'மேல்-கீழ்' நிலத்திலுள்ளார் கொண்ட 'மேல்-கீழ்' என்பதனின்றும் விலகும். சட்டகம் சாய்ந்துவிட்டால் குறிகள் அனைத்தும் பிழைபடும். அச்சாய்வை முன்னதாகக் கணித்து, சுழலும் தகடொன்றினால் கணந்தோறும் ஈடுசெய்தல் வேண்டும்.

கதிரை மேலிருந்து கீழே அனுப்புவதற்குங் காரணமுண்டு. காற்றின் கொந்தளிப்பு கதிரைத் தள்ளாடச் செய்யும். கீழிருந்து அனுப்பினால் தொடக்கத்திலேயே தள்ளாடி, பின்னர் நெடுந்தூரம் சென்று பெரிதும் விலகும். மேலிருந்து அனுப்பினால் பயணத்தின் ஈற்றில் மட்டுமே காற்றைச் சந்திக்கும். அப்போது விலக இடமில்லை.

போட்டன்களை ஒவ்வொன்றாக அனுப்புவதாக மேலே கூறினோம். உண்மையில் அங்கே இருந்தவை மிக மங்கலாக்கிய லேசர்த் துடிப்புகளே. அவற்றுட் சிலவற்றில் இரண்டு போட்டன்கள் சேர்ந்து வந்துவிடும். ஒற்றன் அவற்றுள் ஒன்றைக் களவாடி மற்றதை அனுப்பிவிடலாம். வெவ்வேறு பிரகாசமுள்ள துடிப்புகளை ஒற்றன் அறியாதபடி கலந்தனுப்பி இக்களவை வெளிப்படுத்தும் உபாயத்தை 2003இல் ஹுவாங் என்பவர் கூற, பிறர் அதனைச் செப்பஞ் செய்தனர். அவ்வுபாயத்தைக் கைக்கொண்டு, பெய்ஜிங்கிற்கு அணித்தாகிய சிங்லோங் வானாராய்ச்சி நிலையத்துக்கு மோசி திறவுகோல் அனுப்பியது. நள்ளிரவுக்குப் பின் செய்மதி தோன்றி மறையும் ஐந்து நிமிடத்துக்குட்பட்ட காலத்தில், ஏறக்குறைய மூன்று இலட்சம் இருமக் குறிகள் கொண்ட இரகசியத் திறவுகோல் ஒரே இரவிற் கிடைத்தது. பிழைவீதம் நூற்றுக்கு ஒன்றளவே. 2017இல் இவை வெளியிடப்பட்டன.

அதே ஆண்டு செப்டெம்பர் 29ஆம் நாள் சீன விஞ்ஞானக் கழகத்தின் தலைவரும், அவுஸ்திரிய விஞ்ஞானக் கழகத்தின் தலைவராக அப்போதிருந்த சைலிங்கரும், 7600 கிலோமீற்றருக்கு அப்பாலும் இப்பாலும் இருந்து முகம் பார்த்துப் பேசினர். உலகப் பத்திரிகைகள் இவ்வுரையாடல் உடைக்க முடியாததென எழுதின. இவ்விடத்தில் ஆசிரியர் மாணவர் அனைவரும் சற்று நின்று கணக்குப் பார்த்தல் நன்று. இவ்விரு நகரங்களுக்கும் நேரடிக் கதிர்த்தொடர்பு இருக்கவில்லை. செய்மதி சீனத்தின் மேலே செல்கையில் சீனத்தோடு ஒரு திறவுகோலையும், அவுஸ்திரியாவின் மேலே செல்கையில் அதனோடு வேறொரு திறவுகோலையும் அமைத்துக்கொண்டது. பின்னர் இரண்டையும் கூட்டிய தொகையை வானொலியில் வெளிப்படையாக அறிவித்தது. தொகையை அறிந்தவனுக்கு ஒன்றும் விளங்காது. தன் திறவுகோலை முன்னரே உடையவன் மட்டும் அதனைக் கழித்து மற்றதைப் பெறுவான். அழகிய ஏற்பாடே. ஆயின் இரு திறவுகோல்களையும் அறிந்த மூன்றாமவர் ஒருவர் உளர், அவர் அச்செய்மதி. மேலும், எழுபத்தைந்து நிமிட உரையாடலுக்குச் செலவான திறவுகோல் எழுபது கிலோபைற்று அளவே. அனுப்பப்பட்ட தரவோ இரண்டு கிகாபைற்று. செய்தியளவு நீண்ட திறவுகோல் என்ற ஷனனின் நிபந்தனை அங்கே நிறைவேறவில்லை. செக்கனுக்கொரு தடவை புதிய 128 குறிகளைக் கொடுத்து, வழக்கமான கணித முறையாலேயே படமும் குரலும் மறைக்கப்பட்டன. அதற்கு முன்னர் அனுப்பிய இரு சிறு படங்கள்மட்டுமே, மோசியின் உருவமும் சுரோடிங்கரின் உருவமும், வேர்னாமின் முறைப்படி மறைக்கப்பட்டவை. இதனாற் சாதனையின் பெருமை குறையாது. ஆனால் எது செய்யப்பட்டது, எது செய்யப்படவில்லை என்பதைப் பிரித்தறிதல் விஞ்ஞானம் கற்பார்க்குக் கடமையாகும்.

தூதுவனை நம்பவேண்டாத வழியைத் தேடிப் புறப்பட்டோம். ஐந்நூறு கிலோமீற்றர் உயரத்தில் ஒரு தூதுவனை நிறுத்திவிட்டோம். அவனை உருவாக்கியவர், ஏவியவர், அவனுக்குக் கட்டளையிடுபவர் ஆகியோரையெல்லாம் நம்பவேண்டியிருக்கிறது. இதற்கு மாற்று உண்டா?

உண்டு. 1991இல் ஆர்தர் எக்கேற் காட்டிய வழி அது. சிலவகைப் பளிங்குகளில் லேசர்க் கதிரைப் பாய்ச்சினால், ஒரு போட்டன் இரண்டாகப் பிரிந்து பிணைந்த இரட்டையர் பிறக்கும். ஒவ்வொன்றையும் தனித்து அளந்தால் விளைவு எழுமாறாகவே இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டால் எப்போதும் பொருந்தும். அளக்கும்வரை அவ்விளைவு எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை என்பதை ஜோன் பெல் 1964இற் கண்ட சமனிலியைக் கொண்டு சோதிக்கலாம். ஆகவே இரட்டையரைப் பிறப்பித்த செய்மதிக்குக்கூடத் திறவுகோல் தெரியாது. அதனைப் பகைவனே இயக்கினும், இரட்டையருக்குப் பதிலாக வேறெதையேனும் அனுப்பினால் அச்சோதனையில் அகப்பட்டுவிடுவான்.

மோசி இதனையுஞ் செய்தது. செக்கனுக்கு ஐம்பத்தொன்பது இலட்சம் இரட்டையரைப் பிறப்பித்து, ஒன்றை ஒரு நகருக்கும் மற்றதை வேறொரு நகருக்குமாக இரு கதிர்களில் ஒரே காலத்தில் அனுப்பியது. 1203 கிலோமீற்றர் இடைவெளியுள்ள டெலிங்கா, லிஜியாங் ஆகிய இரு நிலையங்களில் செக்கனுக்கு ஏறக்குறைய ஓரிணையே முழுதாக வந்துசேர்ந்தது. பழைய பௌதிகவியல் 2 என எல்லையிட்ட கணியம் 2.37 என அளக்கப்பட்டது. 2020இல் வெளியான அடுத்த பரிசோதனையில் 1120 கிலோமீற்றர் இடைவெளியில், செய்மதியை நம்பவேண்டாத திறவுகோல் உண்மையாகவே கிடைத்தது. எவ்வளவு? 3100 செக்கன் தரவிலிருந்து 372 இருமக் குறிகள். தமிழ் எழுத்துக்களில் ஒரு வாக்கியமும் நிரம்பாது. நம்பிக்கை வேண்டும் வழியில் ஐந்து நிமிடத்தில் மூன்று இலட்சம். நம்பிக்கை வேண்டாத வழியில் ஐம்பது நிமிடத்துக்கு மேலாகியும் 372. இத்துறையின் உண்மையான பிரச்சினை இவ்விரு எண்களுக்கும் இடையிலேயே கிடக்கிறது என்பது எம் கருத்து.

இதற்கிடையே கருவிகள் சிறுத்துவருகின்றன. மோசியின் நிறை அறுநூறு கிலோகிராமுக்கு மேற்பட்டது. 2022 யூலையில் சீனர் ஏவிய ஜினான்-1 என்னும் செய்மதியிலோ குவாண்டம் கருவியின் நிறை இருபத்துமூன்று கிலோகிராம் அளவே; நிலத்துக் கருவியும் நூறு கிலோகிராம் அளவினதாகி எடுத்துச்செல்லத்தக்கதாயிற்று. அதனைக் கொண்டு பெய்ஜிங்கிற்கும் தென்னாபிரிக்காவின் ஸ்ரெலன்பொஸ்க்கிற்குமிடையே, 12,900 கிலோமீற்றர் இடைவெளியில் திறவுகோல் பகிரப்பட்டதென 2025இல் அறிவித்தனர். அதுவும் செய்மதியை நம்பும் முறையே.

சிங்கப்பூர் அறிஞர் இதனினும் சிறியதை நாடினர். பெட்டியளவான செய்மதிக்குள் அடங்கும் இரட்டைப் போட்டன் கருவியொன்றை அமைத்து 2014 ஒக்டோபரில் அமெரிக்க உந்துகணை ஒன்றில் அனுப்பினர். அவ்வுந்துகணை புறப்பட்ட சில செக்கன்களில் வெடித்துச் சிதறியது. சிதைவுகளிடையே கண்டெடுக்கப்பட்ட அக்கருவியைத் திறந்து இயக்கிப் பார்த்தபோது அது முன்போலவே வேலைசெய்தது! ஒளியியற் கருவிகள் மென்மையானவை, ஏவுதலைத் தாங்கா என்று கூறிவந்தவர்களுக்கு இதனிலும் வலிய மறுமொழி வேண்டியதில்லை. அதே வகைக் கருவியொன்று 2015 டிசெம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்திய உந்துகணையில் ஏறி விண்ணில் இயங்கிற்று. 2019இல் ஸ்பூக்கி-1 என்னும் சிறு செய்மதியில் பிணைந்த இரட்டையரையே பிறப்பித்தனர். அச்செய்மதி முழுவதும் மூன்று கிலோகிராமுக்குங் குறைந்தது. இந்தியாவும் 2021இல் அகமதாபாத்தில் முந்நூறு மீற்றர் வெளியூடாகத் திறவுகோல் பகிர்ந்து, 2023இல் அங்கீகரித்த தேசியக் குவாண்டம் திட்டத்தில் இரண்டாயிரம் கிலோமீற்றர் செய்மதித் தொடர்பை ஓர் இலக்காக வைத்தது.

இனி எதிர்வாதத்தையும் கேட்டல் முறை. அமெரிக்க, பிரித்தானிய அரசுகளின் இரகசியத் தொடர்புக் காவலர்கள் இம்முறையைத் தமது அலுவல்களுக்குப் பரிந்துரைப்பதில்லையென வெளிப்படையாகவே கூறியுள்ளனர். அவர் கூறும் காரணங்கள் புறக்கணிக்கத்தக்கனவல்ல. முதலாவது, சட்டகங்களை ஒப்பிடும் வெளிப்படை உரையாடலில் மறுமுனையில் இருப்பவர் நண்பரே என்பதை எங்ஙனம் அறிவது? அதற்குச் சிறிதேனும் முன்னமைந்த இரகசியமோ கணிதக் கையொப்பமோ வேண்டும். முத்திரை எத்துணைச் சிறந்ததாயினும், ஓலையை வாங்குபவன் உரியவன்தானா என்பதை அது கூறாது. இரண்டாவது, கருவியின் குறை. 2010இல் நோர்வேயின் துரொண்ட்ஹைம் நகர ஆராய்ச்சியாளரும் உடனுழைத்தோரும், விற்பனையிலிருந்த கருவிகளின் உணர்பகுதியில் வலிய ஒளியைப் பாய்ச்சிக் குருடாக்கி, ஒரு பிழையும் தோன்றாதபடி திறவுகோல் முழுவதையும் களவாடலாம் எனச் செய்துகாட்டினர். செவிட்டு ஒற்றனின் கதைக்கு இது மறுபதிப்பு. அக்குறை பின்னர் திருத்தப்பட்டது. அடுத்த குறை யாதென எவரறிவார்? மூன்றாவது, ஷோரின் பொறிக்கும் அஞ்சாத புதிய கணிதப் பூட்டுகள் வகுக்கப்பட்டு, அவற்றுள் மூன்று 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிறுவனத்தால் நியமமாக்கப்பட்டன. அவற்றுக்குச் செய்மதி வேண்டாம். இருக்குங் கம்பியே போதும்.

எனினும் அப்புதிய பூட்டுகளும் ஊகத்தின்மேல் நிற்பன. இன்று எவரும் உடைக்கவில்லை என்பதே அவற்றின் பலம்; முன்னைய பூட்டின் பலமும் 1994வரை அதுவாகவே இருந்தது. இரு வழிகளையும் சேர்த்துக் கையாளுதலே அறிவுடைமை எனத் தோன்றுகிறது. அதற்குக்கூட அந்த 372 என்னும் எண் பன்மடங்கு உயர்தல் வேண்டும்.

உயர்த்தும் வழிகளுள் ஒன்று செய்மதியையே உயர்த்துதல். ஐந்நூறு கிலோமீற்றர் உயரத்திலுள்ள செய்மதி ஒரு நகருக்கு ஐந்து நிமிடமே தோன்றும். முப்பத்தாறாயிரம் கிலோமீற்றர் உயரத்தில் நின்றால் இடையறாது தோன்றும். தூரத்தால் வரும் இழப்பைப் பெரிய தொலைகாட்டியாலும் கூடிய இரட்டையராலும் ஈடுசெய்யலாம். ஆயின் அத்துணை உயரத்தில் செய்மதி பூமியின் நிழலுக்குள் வருவது அரிது. ஏறத்தாழ எக்காலமும் வெயிலிலேயே நிற்கும். மோசியின் சாதனைகளோ யாவும் இரவில் நிகழ்ந்தவை. பகற்பொழுதின் வெள்ளத்தில் ஒரு தனிப் போட்டனை அடையாளங் காண்பது எப்படி? சூரிய ஒளியில் குறைவாயுள்ளதும் காற்றிற் குறைவாகச் சிதறுவதுமான நீண்ட அலைநீளத்தைத் தெரிந்து, மிக ஒடுங்கிய வடிகளை இட்டு, சீனத்துச் சிங்ஹாய் ஏரியின் குறுக்கே 53 கிலோமீற்றர் தூரம் பட்டப்பகலில் திறவுகோல் அனுப்பிய பரிசோதனை 2017இல் வெளியாயிற்று. ஐம்பத்துமூன்றுக்கும் முப்பத்தாறாயிரத்துக்கும் இடையிலுள்ள தூரமே இப்போது ஆராய்ச்சியாளர் முன் கிடக்கின்றது.